பணிக்குச் செல்லும் தாயும் பசித்திருக்கும் மழலையும்

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது நம் முன்னோர் மொழி. கொடுக்கல் வாங்கலிலும் பாகப் பிரிவினையிலும்தான் பெரும்பாலும் இதனை எடுத்துக் கூறுவர். ஆயின், சிறு குழந்தைக்குச் சோறூட்டும் வேளையில் இம்மொழி நேர்ப் பொருளிலேயே உண்மையாகிறது. குழந்தையின் வயிறு நிறைந்ததா இல்லையா என்பது அக்குழந்தைக்கு மட்டுமே தெரியும். பெற்ற தாயே இதனைக் குறிப்பால்தான் அறிய வேண்டுமெனில், தாய் அருகில் இல்லாத இடத்தில் ஊட்டுகிறவர் எத்துணைக் கவனமாக இருத்தல் வேண்டும்! பகற்பொழுது முழுவதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களில் உணவு வேளை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் ஊரும் நம் தாய்மாரும்

திருப்பெரும்புதூர் என்றதும் இராமானுசர் அவதரித்த திருத்தலம் என்று பெரியோர் கூறுவர். இன்றோ, தொழிற்சாலைகளின் ஊர் என்றே உலகம் இதனை அறிகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன் பின் மின்னணுப் பொருள்களைச் செய்யும் ஆலைகள் பெருகின. ஏரிகளும் நெல் வயல்களும் சூழ்ந்திருந்த இப்பகுதியில், விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளே இன்று நம் கண்ணில் படுகின்றன. அவற்றில் இருப்போரில் பெரும் பகுதியினர் பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது என்றால், அவர்களின் எண்ணிக்கையை நாம் ஒருவாறு ஊகிக்கலாம்.

எங்களுள் பலருக்கு அக்காவோ சித்தியோ அத்தையோ அப்பேருந்துகளில் செல்கின்றனர். மணமாகாத வரை அவர்களுக்கு வேலையும் விடுதியும் போதுமானவை. மணமாகி ஒரு குழந்தை பிறந்த பின்னரோ, ‘பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?’ என்ற கேள்வி எழுகிறது. சிலர் வேலையை விட்டு நின்றுவிடுகின்றனர். சிலர் திருவண்ணாமலைப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ உள்ள பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு, மாதம் ஒரு முறை சென்று பார்க்கின்றனர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. காப்பகம் ஒன்று அருகில் இருந்தாலோ, தாய் முதலில் கேட்பது, ‘பிள்ளை அங்கே சாப்பிடுமா?’ என்பதுதான். ஒரு காப்பகத்தின் மேல் தாய்க்கு நம்பிக்கை பிறப்பதும் அந்நம்பிக்கை குலைவதும் உணவு வேளையிலேயே என்றால் மிகையாகாது.

சட்டம் வகுத்த வழி

ஆலையில் வேலை செய்யும் தாயின் குழந்தையும் பசியாற வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுச் சட்டத்தில் நெடுநாளாகவே உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பெண்கள் மிகுதியாகப் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று விதித்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் என்றிருந்த வரம்பு, 1976-இல் முப்பது பெண்களுக்கு மேல் என்று திருத்தப்பட்டது. அக்குழந்தைகளுக்கு இலவசப் பால் அல்லது சிற்றுண்டி தரவும், தாய் இடையிடையே வந்து பாலூட்ட வசதி செய்யவும் மாநில அரசுகள் விதிகள் செய்யலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை நாள்தோறும் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை வழங்கியது. 2017-இல் செய்த திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு அளித்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் கூறியது. இவை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 26 வாரம் என்பது ஏறத்தாழ ஆறு மாதம். அதில் எட்டு வாரத்தைப் பேறுகாலத்திற்கு முன்பே எடுத்துக்கொண்டால், எஞ்சுவது 18 வாரம். அதாவது, குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போதே தாய் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே உணவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் உள்ள அந்த இரண்டு மாதத்தைக் கடக்க உதவுவதே காப்பகத்தின் முதற் கடமை.

நான்கு முறை சென்று வரலாம் என்று ஏட்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. காப்பகம் நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையில் அவள் இடத்தில் நிற்க மாற்றாள் ஒருவரும் வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே.

முன்னோடிகள்

சோறும் காப்பகமும் ஒருங்கே வேண்டும் என்று உணர்ந்து உழைத்தோர் நம் நாட்டில் உண்டு. 1969-இல் தில்லியில், காந்தி நூற்றாண்டு விழாவிற்காகக் கட்டட வேலை நடந்த இடத்தில், தாய்மார் கல் சுமக்க, குழந்தைகள் மண்ணில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அம்மையார் அங்கேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். கட்டட வேலை இடம் மாறும்போது தானும் உடன் மாறியதால் அது ‘நடமாடும் காப்பகம்’ எனப் பெயர் பெற்றது. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. நம் ஊர் அங்கன்வாடிகள் எல்லாம் அதன் பிள்ளைகளே.

நம் தமிழகமோ, பிள்ளைகளுக்குச் சோறிடுவதில் நாட்டிற்கே வழிகாட்டியது. 1982 ஜூலை 1-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை அறியாதார் இலர். அதற்கு முன்பே, 1980-இல், மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை கூடாத குழந்தைக்குச் சத்து லட்டு வழங்கினர். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு என்றில்லாமல், இந்தக் குழந்தைக்கு என்ன தேவை என்று தனித்தனியே பார்த்ததே அத்திட்டத்தின் சிறப்பு.

இன்றும் அங்கன்வாடிகளில் கலவை சாதமும், சில நாள்களில் அவித்த முட்டையும், பயறும் தருகின்றனர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இணை உணவான சத்து மாவு வீட்டிற்கே வழங்கப்படுகிறது. எனினும் அங்கன்வாடி பிற்பகலில் மூடிவிடும்; தாயின் வேலை நேரமோ அதற்குப் பின்னும் நீளும். மடியில் வைத்து ஊட்ட வேண்டிய கைக்குழந்தைகளைப் பார்க்க அங்கே ஆளும் போதாது. ஆகவேதான் தொழிற்பேட்டைகளுக்கு நாள் முழுவதும் இயங்கும் காப்பகங்கள் தேவைப்படுகின்றன.

ஆறு மாதம் வரை

காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு முறையும் திரும்பியவுடன் ஒரு முறையும் தாய் நேரடியாகப் பாலூட்டலாம். இடைப்பட்ட வேளைக்குப் பாலைக் கறந்து வைத்துச் செல்லலாம். இதனைக் கூறக் கூசுவோர் உளர். கூச வேண்டிய செயல் அன்று இது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் கறந்து வைக்க வேண்டும். குளிர்ந்த அறையில், அதாவது 25 பாகை வெப்பம் வரை, நான்கு மணி நேரம் அது கெடாது. ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறை வெப்பம் அந்த அளவில் நிற்பதில்லையே! எனவே காப்பகத்தில் குளிர்சாதனப் பெட்டி ஆடம்பரம் அன்று, தேவை. அதில் நான்கு நாள் வரை வைக்கலாம். பாத்திரத்தின் மேல் குழந்தையின் பெயர், நாள், நேரம் ஆகிய மூன்றும் எழுதி ஒட்டுதல் வேண்டும். பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்துக் குளிர் நீக்கினால் போதும். குழந்தை குடித்து மிஞ்சிய பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைத்தல் கூடாது.

எதனால் புகட்டுவது? இங்கே நம் பாட்டிமார் காலத்துப் பாலாடை கைகொடுக்கிறது. புட்டியின் மூடியிலும் காம்பிலும் பால் தங்கிக் கிருமிகள் வளரும், கழுவுவதும் கடினம். பாலாடையையும் சிறு கிண்ணத்தையும் கழுவுவது எளிது. மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் பாலாடையில் பால் தருகின்றனர். ஆனால் முறை முக்கியம். குழந்தையைக் கால்மேல் மல்லாக்கக் கிடத்தி, அழும்போது வாயில் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது மூச்சுக் குழலுக்குள் சென்று புரையேறக் காரணமாகும். குழந்தையைச் சற்றே நிமிர்த்தி மடியில் அமர்த்தி, பாலாடையின் மூக்கை உதட்டில் தொடுமாறு வைத்தால், குழந்தை தானே உறிஞ்சும். ஊற்றுவது நம் வேலை அன்று. உறிஞ்சுவது அதன் வேலை.

இம்மாதங்களில் தண்ணீரும் வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் பெரும் பகுதி நீரே ஆகையால் கோடையிலும் அது போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் ஆகியவற்றைச் சேனை வைப்பதென்றும் சீர் என்றும் கொடுப்பது நன்றன்று. தேனில் ஒரு வகை நச்சுக் கிருமியின் வித்து இருக்கக் கூடுமாதலால் ஒரு வயது வரை அதை விலக்க வேண்டும் என்பர் மருத்துவர். பால் மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் தடை செய்துள்ளது. ஆகவே காப்பகச் சுவரிலும் அத்தகைய படங்களுக்கு இடமில்லை.

ஆறு மாதத்திற்குப் பின்

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் வேறு உணவும் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். இவ்வயதில் குழந்தைக்கு மிகவும் குறைவுபடுவது இரும்புச் சத்து. பிறக்கும்போது உடலில் சேமித்து வந்த இரும்பு அப்போது தீரத் தொடங்குகிறது.

எவ்வளவு கொடுப்பது? முதலில் இரண்டு மூன்று கரண்டி. எட்டு மாதத்திற்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதி அளவு, நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி. குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஏறத்தாழ 240 மில்லிதான். அந்தச் சிறு இடத்தைச் சோறு வடித்த கஞ்சித் தண்ணீராலும் பருப்புத் தண்ணீராலும் நிரப்பிவிட்டால், வயிறு நிறையும், உடல் நிறையாது. ஆகையால் உணவு கரண்டியைச் சாய்த்தாலும் வழிந்தோடாத பதத்தில் இருத்தல் வேண்டும். குழையப் பிசைந்த பருப்புச் சோற்றில் சிறிது நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால், அளவு கூடாமலேயே வலிமை கூடும்.

கெட்டியாக இருந்தால் விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு ஓர் எளிய வழி உண்டு. கேழ்வரகையோ கம்பையோ முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்த மாவைச் சிறிது எடுத்து, வெந்த கெட்டிக் கூழில் கலந்தால், கூழ் இளகிவிடும். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் ஒரு நொதி, மாச்சத்தை உடைப்பதே இதற்குக் காரணம். தண்ணீர் சேர்க்காமலேயே கூழ் இளகுவதால் சத்துக் குறைவதில்லை. நாங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கும் நொதி, நம் வீட்டு அடுப்பிலும் வேலை செய்கிறதன்றோ! கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு.

மசித்த கீரை, வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இட்லி, முட்டை, முள் நீக்கிய மீன் எனப் பலவற்றையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். புதிய உணவை ஒரு முறைக்கு ஒன்றாகத் தொடங்கி, சில நாள் பார்த்த பின் அடுத்ததற்குச் செல்லுதல் நன்று. எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரியும். ஒரு வயது வரை சர்க்கரையும் உப்பும் சேர்க்க வேண்டுவதில்லை. நமக்குச் சப்பென்றிருப்பது குழந்தைக்குச் சுவையாகவே இருக்கும்.

ஊட்டுவது வேறு, திணிப்பது வேறு

என்ன கொடுப்பது என்பதைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். எப்படிக் கொடுப்பது என்பதைப் பேசுவோர் சிலரே. ஒரே கிண்ணத்துச் சோறு ஒருவர் கையால் அமுதமாகிறது. மற்றொருவர் கையால் அழுகையாகிறது. காரணம் என்ன?

பசித்த குழந்தை வாயைத் திறக்கும், முன்னே சாயும், கிண்ணத்தைப் பார்த்துக் கையை நீட்டும். போதுமென்ற குழந்தை உதட்டை மூடும், முகத்தைத் திருப்பும், கரண்டியைத் தள்ளும். இதுவே அதன் மொழி. மூக்கைப் பிடித்தும், கையைக் கட்டியும், ‘பூச்சாண்டி வருகிறான்’ என்று அச்சுறுத்தியும் ஊட்டுவது அம்மொழியைக் கேட்க மறுப்பதாகும். அவ்வாறு உண்ட குழந்தைக்கு உணவின் மேலேயே வெறுப்பு உண்டாகும். தன் வயிறு சொல்வதைக் கேட்கும் இயல்பும் மங்கும். இந்நாளில் கைப்பேசியில் படத்தை ஓட விட்டு ஊட்டுவதும் இத்தகையதே. படத்தில் மெய்ம்மறந்த குழந்தை எதைத் தின்கிறோம், எவ்வளவு தின்கிறோம் என்று அறியாமலே விழுங்குகிறது. அன்று பாட்டி நிலாவைக் காட்டி ஊட்டினாரே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பர். ஒன்றல்ல. நிலாவைக் காட்டிய பாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டினார். குழந்தையும் பாட்டியைப் பார்த்தது. கைப்பேசி முன்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

குழந்தைகள் தம் பசியைத் தாமே அறிவரா? அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920-களில் இதனை ஆராய்ந்தார். பால்குடி மறந்த குழந்தைகள் 15 பேரின் முன் பலவகை இயற்கை உணவுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தார். செவிலி கரண்டியுடன் அருகில் அமர்ந்திருப்பார். குழந்தை காட்டியதை மட்டும் ஊட்டுவார். வற்புறுத்தவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார். ஒரு வேளை ஒன்றையே மிகுதியாக உண்டும், மறுவேளை வேறொன்றை உண்டும், அக்குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தனர். இதில் ஒன்றை மறத்தல் கூடாது. அவர் வைத்த உணவுகளில் மிட்டாயோ பொரித்த பண்டமோ இல்லை, எல்லாம் நல்லுணவே. எதை வைப்பது, எப்போது வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை.

ஒரு புதிய காயை முதல் நாள் துப்பிவிட்டால், ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முடிவு கட்டுகிறோம். எட்டு முறை, பத்து முறை, அதற்கு மேலும் கூடச் சிறிது சிறிதாக வைத்த பின்னரே பல குழந்தைகள் ஏற்கின்றனர். துப்புவது வெறுப்பு அன்று, பழகும் முயற்சி.

ஒருவர் கை, பல வாய்

‘வீட்டில் ஒரு குழந்தைக்கு இவ்வாறு ஊட்டலாம், காப்பகத்தில் பல குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதால் என் செய்வது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒரே தட்டு, ஒரே கரண்டி, வரிசையாக ஆளுக்கொரு வாய் என்று ஊட்டுவதே எளிய வழியாகத் தோன்றும். அதனால் ஒருவர் சளி அனைவருக்கும் ஒட்டும். யார் எவ்வளவு உண்டார் என்பதும் தெரியாது போகும்.

அங்கேரி நாட்டின் புடாபெஸ்டு நகரில், போருக்குப் பின் 1946-இல், எம்மி பிக்லர் என்ற பெண் மருத்துவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே சிறு குழந்தைகளை ஒவ்வொருவராக மடியில் வைத்தே ஊட்டினர். நாள்தோறும் அதே வரிசை மாறாது. இன்னாருக்குப் பின் நான் என்று ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருந்ததால், தன் முறை வரும் வரை அமைதியாக விளையாடிக்கொண்டிருந்தது. தன் முறை வந்ததும், ஊட்டுபவரின் முழுக் கவனமும் அதற்கே கிடைத்தது. பெருஞ்செலவு பிடிக்கும் முறை அன்று இது. மாறாத ஒழுங்கு ஒன்றே வேண்டும். நம் ஊர்க் காப்பகங்களிலும் மிகச் சிறியோருக்கு முதலிலும், தாமே உண்போருக்கு அடுத்தும் என வேளையைப் பிரித்துக்கொண்டால் இது இயலும்.

தன் கையே தனக்குதவி

ஒன்பது, பத்து மாதத்தில் குழந்தை விரல்களால் பொறுக்கி எடுக்கத் தொடங்கும். அப்போது வெந்த காய்த்துண்டையும் இட்லித் துண்டையும் தட்டில் வைத்தால், தானே எடுத்து உண்ணும். பாதி தரையில் சிந்தும்; மீதி சட்டையில் ஒட்டும். துடைக்கும் வேலைக்கு அஞ்சி நாமே ஊட்டிவிடுகிறோம். சிந்தாமல் உண்ணக் கற்றவர் உலகில் ஒருவரும் இலர்.

மரிய மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோமையில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது, வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகவே. பின்னர் 1908 டிசம்பரில் மெசினா நகரை நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்த குழந்தைகள் உரோமையில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகளின் மடத்தில் சேர்க்கப்பட்டனர். அதிர்ச்சியால் அவர்கள் பேச்சற்று, உண்ணவும் உறங்கவும் இயலாதிருந்தனர். அங்கே மாண்டிசோரி முறையில் பள்ளி தொடங்கி, மேசை விரிக்கவும், தட்டுகளை அடுக்கவும், பிறருக்குப் பரிமாறவும், பின்னர் கழுவி வைக்கவும் அச்சிறுவர்க்கே கன்னியர் கற்பித்தனர். நாளடைவில் அவர்கள் நன்கு உண்டனர், உறங்கினர், சிரிக்கவும் தொடங்கினர். இச்சபை 1877-இல் நம் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டது என்பதும், மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி அளித்தார் என்பதும் நமக்குப் பெருமை தரும் செய்திகள்.

விழிப்பு வேண்டும் இடங்கள்

உணவு வேளையில் ஆபத்தும் உண்டு. நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, தேங்காய்ச் சில்லு, கெட்டி முறுக்கு, மிட்டாய், வட்டமாக நறுக்கிய பச்சைக் காரட் ஆகியவை சிறு குழந்தையின் மூச்சுக் குழலை அடைத்துவிடக் கூடும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியும், கடலையை அரைத்தும் தரலாம். படுத்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் உண்ண விடலாகாது. உண்ணும் குழந்தையை விட்டு ஒரு நொடியும் அகலலாகாது.

குழந்தை இருமவும் அழவும் முடியாமல் நீலம் பாய்ந்தால், வாய்க்குள் விரலைக் கண்மூடித்தனமாக விடுதல் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை தட்ட வேண்டும். பின் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரு விரலால் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை இதனை மாறி மாறிச் செய்துகொண்டே, 108-க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். இப்பயிற்சி பெறாத எவரும் காப்பகத்தில் ஊட்டும் பணியில் இருத்தல் கூடாது.

சமைக்குமுன்னும், ஊட்டுமுன்னும், குழந்தையின் கழிவைச் சுத்தம் செய்த பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். காலையில் வடித்த சோறு வெப்பத்தில் மாலை வரை கிடந்தால், அதில் கிருமி பெருகும். மீண்டும் சுடவைத்தாலும் அதன் நஞ்சு முற்றும் நீங்காது. ஆகவே அவ்வப்போது சமைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் உண்ணக் கொடுத்துவிடுதல் நலம். எந்தக் குழந்தைக்கு முட்டையோ பாலோ கடலையோ ஒவ்வாது என்ற பட்டியல் சமையலறைச் சுவரில் இருத்தல் வேண்டும்.

தாய்க்கு ஒரு சீட்டு

மாலையில் தாய் வந்ததும், ‘சாப்பிட்டானா?’ என்று கேட்பாள். ‘சாப்பிட்டான்’ என்ற ஒரு சொல் அவளுக்குப் போதாது. எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு, பால் எத்தனை முறை, மலம் எப்படி என்று நான்கு வரியில் எழுதிய சீட்டு ஒன்று போதும். அதைப் பார்த்து, இரவில் என்ன தருவது என்று தாய் முடிவு செய்வாள். அவ்வாறே காலையில், ‘இரவு காய்ச்சல் இருந்தது, பால் குறைவாகவே குடித்தான்’ என்று தாயும் கூறிச் செல்ல வேண்டும். உண்ணாத நாளில், ‘உண்டான்’ என்று பொய் கூறுவது தாயின் மனத்தைத் தேற்றலாம். குழந்தையின் பசியைத் தேற்றாது.

பிற மாநிலக் குழந்தை காப்பகத்திற்கு வந்தால், வீட்டில் அது உண்ணும் உணவு யாது என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். ரொட்டிக்கும் கிச்சடிக்கும் பழகிய குழந்தை, சாம்பார் சாதத்தைக் கண்டு முகம் திருப்புவது இயல்பே. ‘பானி’ என்று அது கேட்பது தண்ணீரைத்தான் என்று தெரியாவிட்டால், தாகத்தில் அழும் குழந்தையை அடம் பிடிப்பதாக நினைத்துவிடுவோம். நான்கு சொற்களை நாம் கற்றுக்கொண்டால், ஒரு குழந்தையின் நாள் முழுவதும் இனிதாகும்.

முடிவுரை

மாற்கு நற்செய்தியில், யாயிர் என்பவரின் பன்னிரண்டு வயது மகளை நம் ஆண்டவர் இயேசு உயிர்ப்பித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். கண்டோர் எல்லாம் வியந்து நின்றபோது, அவர் அப்பெற்றோரிடம் கூறியது, பிள்ளைக்கு உண்ண ஏதேனும் கொடுங்கள் என்பதே. அற்புதத்தைக் கண்டு மலைத்த அனைவரும் அச்சிறுமியின் பசியை மறந்தனர்; அவர் மறக்கவில்லை.

நம் ஊரில் கார்களும் கைப்பேசிகளும் உருவாவதைக் கண்டு நாமும் வியக்கிறோம். அவற்றைச் செய்யும் கைகளுக்கு உரியவளின் குழந்தை அந்நேரம் உண்டதா என்று கேட்பவர் சிலரே. இன்னும் சில ஆண்டுகளில் எங்களுள் சிலர் அப்பேருந்துகளில் ஏறலாம்; சிலர் செவிலியராகவோ, அங்கன்வாடிப் பணியாளராகவோ, காப்பகம் நடத்துவோராகவோ ஆகலாம். இன்றும் கூட வீட்டில் தம்பி தங்கையர்க்கும், அக்காவின் குழந்தைக்கும் சோறூட்டும் பொறுப்பு எங்கள் கைக்கே வருகிறது. அப்போதெல்லாம் கைப்பேசியை ஒரு புறம் வைத்துவிட்டு, குழந்தையின் எதிரே அமர்ந்து, அதன் முகத்தைப் பார்த்து, அது வாய் திறக்கும் வரை கவளத்துடன் காத்திருப்போம். போதுமென்று முகம் திருப்பினால் நிறுத்துவோம். அதற்குப் பணம் வேண்டாம். பொறுமை ஒன்றே வேண்டும். அப்பொறுமையை இன்றே பழகுவோமாக!